மோர் ஊற்றாத பந்தி

நண்டுத்துறைக்கு எதிரே, கரையில் நின்று பார்த்தால் கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிகிற தூரத்தில், சட்டத்தின் கை நீளாத தண்ணீரில், 'ராஜயோகம்' என்று பேர் எழுதிய பழைய பயணிக்கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதற்குள் சுற்றுகிற சக்கரமும் உருளுகிற பகடையும் காசை முழுங்குகிற பெட்டிகளும், நம்ம பக்கத்து ஆட்களுக்கென்றே பச்சைத்துணி விரித்து 'உள்ளே வெளியே' ஆடுகிற சீட்டுமேசையும் இருந்தன. கடிகாரம் மட்டும் இல்லை, ஜன்னல் மட்டும் இல்லை, வாயில் வைக்கிற மாதிரி சோறு மட்டும் இல்லை.

அந்தக் கடைசிக் குறைதான் கப்பல் முதலாளி தீர்த்தகிரியின் தூக்கத்தைக் கெடுத்தது. மனிதர் தர்மபுரிப் பக்கத்துக்காரர், சிரித்தால் கண் தெரியாது, சிரிக்காவிட்டால் பல் தெரியாது. விளக்கு போட்டார், கம்பளம் விரித்தார், பாட்டுக்காரிகளைக் கொண்டுவந்து பாட வைத்தார், எல்லாம் செய்தும் மத்தியானமானால் விளையாட வந்தவர்கள் கப்பலின் ஆறிப்போன பொட்டலச் சோற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கரைக்குப் போய் ஒருவாய் மீன் குழம்பு சாப்பிட்டு வந்துடறோம்" என்று படகேறினார்கள். போனவன் வரவில்லை. மணலில் கால் பட்டதும் மனுசனுக்கு வீடு ஞாபகம் வந்துவிடுகிறது, பிள்ளைகள் ஞாபகம் வந்துவிடுகிறது, அப்புறம் என்ன சக்கரம், என்ன சீட்டு! ஆளை இழுத்துவர விளக்கு போதும், ஆளை உட்காரவைக்கச் சோறு வேண்டும் என்று தீர்த்தகிரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில் கப்பலேறி வந்தவள் ராசகனி. வேலை கேட்டு வந்தவள் இல்லை, புருசனைத் தேடி வந்தவள். அவள் புருசன் லிங்கத்துரை நண்டுத்துறை மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவன், அவன் 'மூணு தரம்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவனும் வாய் திறக்க முடியாது, அப்படி ஒரு தொண்டை. 'சும்மா பார்த்துட்டு வாரேன்' என்று சொல்லிக் கப்பலுக்குப் போனவன், பொட்டலச் சோற்றைத் தின்று, கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு பச்சைத்துணி மேசையிலேயே பழியாய்க் கிடந்தான். ராசகனி அழுதுகொண்டு போகவில்லை. சாளை மீன் குழம்பு வைத்து, சோறு வடித்து, ரசம் இறக்கி, மோரில் இஞ்சி தட்டிப் போட்டு, அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு படகுக்கார மிக்கேலின் படகில் ஏறினாள். வயிறு நிறைந்தால் மனுசன் போதும் என்பான், போதும் என்றவன் எழுந்திருப்பான், எழுந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அவள் கூடத்தின் நடுவில் மூடியைத் திறந்தாள் பாருங்கள், சக்கரத்தின் மேலே நீண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. லிங்கத்துரை சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கதவோரம் நின்று பார்த்த தீர்த்தகிரியின் கண் தெரியாமல் போனது, அவ்வளவு சிரிப்பு.

"ஏம்மா, நீ இங்கயே சமையேன்" என்றார். "உன் வீட்டுக்காரரை நானே ஒருநாள் என் கையால கரையில கொண்டுபோய் விடறேன். சத்தியம்."

ராசகனி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், புருசன் எழுந்து வருகிறவரை அவளும் அங்கேதானே இருந்தாக வேண்டும்.

சாப்பாட்டுக் கூடம் திறந்தார்கள். வாழையிலை, கல்லுப்பு, சாளைக் குழம்பு, நண்டு ரசம், முருங்கைக்காய்ப் பொரியல், கடைசியில் மோர். பேர் எங்கெங்கோ பரவியது. மதுரையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் சாப்பாட்டுக்கென்றே படகேறி வந்தார்கள், வந்த கையோடு சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். ஆனால் தீர்த்தகிரியின் சிரிப்பு நீடிக்கவில்லை. நல்ல சோறு தின்றவன் மோரைக் குடித்து, ஏப்பம் விட்டு, "போதும் தாயி" என்று இலையை மடிக்கிறான். மடித்தவன் கொட்டாவி விடுகிறான். கொட்டாவி விட்டவன் செருப்பைத் தேடுகிறான். கெட்ட சோறும் ஆளைக் கரைக்கு அனுப்பியது, நல்ல சோறும் ஆளைக் கரைக்கு அனுப்பியது. ஒருநாள் லிங்கத்துரையும் இலையை மடித்துவிட்டு, "போதும் ராசகனி, வீட்டுக்குப் போவோம்" என்று செருப்பை மாட்டினான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிமிசமே படகில் ஏறியிருக்க வேண்டும், கூறுகெட்டவள், ஏறவில்லை.

தீர்த்தகிரி குறுக்கே வந்து கும்பிட்டார். "நாளைக்குப் பெரிய பந்தி இருக்கும்மா. அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் புருசனும் பொண்டாட்டியுமா போங்க. நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு, நாளைக்கு மோர் ஊத்தாத."

"மோர் ஊத்தலன்னா பந்தி முடியாதே முதலாளி."

"முடிய வேணாம்னுதானே சொல்றேன்."

"சாப்பிட்டவுக இலையைப் பார்த்துக்கிட்டே இருப்பாவளே, பாவமுல்லா?"

"தயிர் திரிஞ்சுபோச்சுன்னு சொல்லு. ஒரு வேளைதான?"

ஒரு வேளைதானே என்று அவளும் நினைத்தாள். அந்தப் பந்தியில் புருசனையும் உட்காரவைத்து, ஊரிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். குழம்புச் சோறு ஆயிற்று, ரசச் சோறு ஆயிற்று, இலையின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். மோர் வரவில்லை. 'சோறு வைக்கவா?' என்று அவள் கேட்டாள். போதும் என்று சொல்ல வந்த முதல் ஆள் வாயைத் திறந்தான், நாக்கு விழுந்த பல்லின் இடத்தைத் துழாவுவதுபோல் உள்ளே எதையோ துழாவியது, அந்தச் சொல் அங்கே இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் இல்லை. பந்தியின் கடைசி ஆள்வரை யார் வாயிலும் 'போதும்' இல்லை. அவள் வைத்தாள், தின்றார்கள், வைத்தாள், தின்றார்கள், பானை தீர்ந்ததும் இலையை மடிக்காமல் எழுந்து, கையைக் கழுவிவிட்டு, வரிசையாக மேசைகளுக்குத் திரும்பிப் போனார்கள். வரிசையில் லிங்கத்துரையும் போனான். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

இது ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டா விவசாயம் பார்க்கிறோம்? சாவுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டார் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இந்தக் குறையோடு கரைக்குப் போனார்கள். வீட்டுப் பெண்கள் குடம் குடமாய் மோர் ஊற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, சோறு போட்ட கையே மோர் ஊற்றினால்தான் பந்தி முடியும் என்பது அப்போதுதான் விளங்கியது. போதாக்குறைக்கு மிக்கேல் கப்பலில் மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் கரையில் சட்டி சட்டியாய் விற்றான். கப்பல் சோறு என்றால் சும்மாவா, ஊரே வாங்கித் தின்றது. மிக்கேல் மட்டும் தொடவில்லை. விற்கிறவன் தின்னக்கூடாது என்பான், விவரமான பயல்.

அப்புறம் நண்டுத்துறை எப்படி நடந்தது தெரியுமா? டீக்கடையில் மாஸ்டர் சீனியைப் போட்டுக்கொண்டே இருந்தார், குடிக்க வந்தவன் பார்த்துக்கொண்டே நின்றான், டம்ளரில் சீனி குவிந்து டீ வழிந்தது. அதிலிருந்து மாஸ்டர் தானே ஓர் அளவு வைத்துக்கொண்டார். மீசையைக் கொஞ்சம் ஒதுக்கச் சலூனுக்குப் போனவன் புருவம்கூட இல்லாமல் திரும்பினான். குடையைத் தொலைத்துவிட்டு வந்த மகளை இரண்டு சாத்து சாத்தலாம் என்று கை ஓங்கிய ஒருத்திக்குக் கை நிற்கவில்லை, பக்கத்து வீட்டார் வந்து இழுத்துப் பிடிக்கிறவரை நிற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் இடது காது கேட்காது. அந்தத் தாய் அழ ஆரம்பித்தாள், அதுவும் நிற்கவில்லை.

ஆனால் ஊர் என்பது எதையும் சீரணித்துவிடும். கப்பல் சோறு தின்னாத பக்கத்து ஊர்ப் பெண்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், 'போதுஞ்சொல்லி' என்று அவர்களுக்குப் பேர். பிள்ளையை அடிக்க வேண்டுமா, போதுஞ்சொல்லியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு அடித்தார்கள். சாவு வீட்டில் அவள் சொன்னபிறகு ஒப்பாரியை நிறுத்தினார்கள். பெண் கொடுக்கிற இடத்தில் சீர்வரிசையோடு ஒரு போதுஞ்சொல்லியையும் அனுப்புவதாகப் பெருமையடித்தார்கள். இந்தக் கப்பலை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். யாருக்கும் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை, கூட்டம் விடிந்தும் நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தியை ஆட்டோவில் கூட்டிவந்து 'போதும்' சொல்லவைத்த அந்த நேரத்தில் எவன் பேசிக்கொண்டிருந்தானோ அவன் பேச்சே தீர்மானமாயிற்று. கப்பலுக்கு முருங்கைக்காய் இன்னும் கூடுதலாக அனுப்ப வேண்டும் என்று அவன் பேசிக்கொண்டிருந்தான். அனுப்பினார்கள். இலையும் மீனும் விறகும் காயும் கப்பலுக்குப் போய்த்தான் ஊரில் பாதி வீடு மாடி வீடாகியிருந்தது, இதில் யாருக்கு யார் மேல் கோபம்?

கப்பலில் ராசகனி தவியாய்த் தவித்தாள். தீர்த்தகிரி பாலையும் கப்பலில் ஏற்றவில்லை, போதுஞ்சொல்லிகளையும் ஏற்றவில்லை. படகுகளைச் சோதித்து, தயிர் வாசம் அடித்தால் கடலில் கொட்டினார்கள். அவள் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிக் கொட்டிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு இலையை நீட்டினார்கள். சமைக்காமல் படுத்துப் பார்த்தாள்; பசியோடு மேசையைவிட்டு எழத் தெரியாமல் ஒரு மனிதர் சீட்டைப் பிடித்தபடியே செத்துப்போனார், விரலைப் பிரித்துத்தான் சீட்டை எடுத்தார்கள், ஆட்டம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவள் படுக்கவில்லை.

லிங்கத்துரை மூன்று வேளையும் வந்து உட்கார்ந்தான். தின்று முடித்ததும் இலையோரத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பான். "ஒரு தரம்" என்பான். "ரெண்டு தரம்" என்பான். அப்புறம் உதடு அசையும், சத்தம் வராது. எழுந்து போய்விடுவான். ஊரையே வாயடைக்க வைத்த தொண்டை இப்படிப் படுகிற பாட்டை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தானே என் கையால் அந்தச் சோற்றைப் போட்டேன், நான்தானே மோர் ஊற்றாமல் விட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் வாயிலும் அந்தச் சொல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சட்டி சட்டியாய் ருசி பார்த்தவள் ஆயிற்றே, அவளுக்கு மட்டும் எப்படி இருக்கும்? மாவு பிசைந்தால் பிசைந்துகொண்டே இருந்தாள், அடுப்பைத் துடைத்தால் கை தோல் உரிகிறவரை துடைத்தாள். அதனால் அவள் போட்ட திட்டமும் இரண்டு பேருக்குமான திட்டம். ஒரு செம்பு மோர் கிடைத்தால் பாதி அவருக்கு, பாதி எனக்கு; ஒன்றாய்க் குடித்து, ஒன்றாய்ச் சொல்லி, ஒன்றாய்ப் படகேறிவிட வேண்டும்.

"மிக்கேலு, உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரு செம்பு தயிர் கொண்டாந்து தா" என்று கெஞ்சினாள்.

"ஐயோ அக்கா, மாட்டுனேன்னா என் தொழிலு போயிரும்."

"உன் கூடப்பிறந்தவளா இருந்தா விட்டுருவியாடே?"

மிக்கேல் தலையைச் சொறிந்தான். மறுநாள் ஒரு பெரிய சீலா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். சோதிக்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு 'போ, போ' என்றான். மீனின் வயிற்றைக் கீறியபோது உள்ளே துணியில் சுற்றிய சின்னச் செம்பு இருந்தது.

"இதான் முதலும் கடைசியும்" என்றான் மிக்கேல். "நாளையிலேருந்து மீனையும் அறுத்துப் பார்க்கப் போறாவளாம். வீணாக்கிராதீங்க."

அவள் தயிரைக் கடைந்தாள், தண்ணீர் விட்டாள், இதற்கு மேல் விட்டால் மோர் என்ற பேர்தான் மிஞ்சும் என்கிற இடத்தில் நிறுத்தினாள். அதைக்கூட மிக்கேல்தான் பக்கத்தில் நின்று "போதும்க்கா" என்று சொல்லி நிறுத்தினான். இஞ்சி தட்டினாள், கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். மத்தியானப் பந்திக்கு முன்னால் லிங்கத்துரையைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிவந்து தனி இலை போட்டாள். சாளைக் குழம்பு ஊற்றினாள், ரசம் ஊற்றினாள். அவன் தின்றான். இலையோரத்தில் விரலை வைத்தான். 'ஒரு தரம்' என்று ஆரம்பித்தான்.

"ஏங்க, கையைக் குவிச்சு நீட்டுங்க."

வெள்ளையாய் உள்ளங்கையில் விழுந்ததும் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், கண் கலங்கிவிட்டது.

"ராசகனி, இது..."

"பேசாதிய. குடிங்க."

குடித்தான். ஊற்றினாள். குடித்தான். ஊற்றினாள். பந்தியில் ஊற்றுகிறவள் தானாய் நிறுத்தக்கூடாது, சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும், அவள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், அவள் கைக்கு அதுதான் தெரியும். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு ஊற்றினாள். செம்பு பாதியானது. பாதிக்குக் கீழே போனது. மிச்சம் எனக்குங்க, போதும்ங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள், நாக்கு துழாவியது, ஒன்றும் அகப்படவில்லை. கையை இழுத்திருக்கலாமே என்பீர்கள். புருசனுக்குப் போடுகிற கையை இழுத்துக்கொள்ளத் தெரிந்தவளாயிருந்தால் அவள் ஏன் கப்பலேறி வந்திருக்கப் போகிறாள்! மிக்கேலாவது சொல்லியிருக்கலாம், அவன் அந்த நேரம் வாசலில் காவல் நின்றான்.

கடைசிச் சொட்டு விழுந்தது. லிங்கத்துரை அதையும் உறிஞ்சினான். ஏப்பம் விட்டான்.

"போதும்" என்றான்.

அந்தச் சத்தம் கேட்டுச் சீட்டுமேசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவன் இலையைத் தன் பக்கமாய் மடித்தான். எழுந்து போய்ச் செருப்பை மாட்டினான். "மூணு தரம்!" என்று கத்தினான், கப்பல் அதிர்ந்தது. ராசகனி செம்பைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டு வழித்து நக்கிப் பார்த்தாள். ஈரம்தான் இருந்தது, இஞ்சி மணம்தான் இருந்தது.

தீர்த்தகிரி வந்தார். செம்பைப் பார்த்தார், கோபப்படவில்லை. போதும் என்று சொல்லத் தெரிந்த ஒருத்தனைக் கப்பலில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"உன் வீட்டுக்காரரை என் கையால கரையில விடறேன்னு சொன்னேன்ல? சொன்ன சொல்லு தவற மாட்டேன்" என்றார். லிங்கத்துரையின் தோளில் கைபோட்டு ஏணிக்கு அழைத்துப் போய், தன் சொந்தப் படகிலேயே ஏற்றினார். "நீயும் போம்மா. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

யாரும் பிடித்து வைக்கவில்லை. அவள் ஏணிவரைக்கும் வந்தாள். கீழே படகிலிருந்து அவன், "வா ராசகனி" என்றான்.

"உலை கொதிக்குதுங்க. இந்தா, ஒரு உப்பு பார்த்துட்டு வந்துருதேன்."

போய் உப்புப் பார்த்தாள். கொஞ்சம் புளி வேண்டியிருந்தது. புளி விட்டாள், காரம் எடுத்தது. ஒரு கிண்டு கிண்டினாள், இன்னும் ஒரு கிண்டு வேண்டியிருந்தது. அடுத்த அடுப்பில் ரசம் நுரை கட்டியது. "இந்தா வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே இருந்தாள், கத்துகிறதையும் நிறுத்த முடியவில்லை. படகில் அவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம், "போதும், எடுங்க" என்றான். தீர்த்தகிரி படகை எடுக்கச் சொன்னார்.

சாளை சீசன் வந்தது. மிக்கேல் மீன் கூடையோடு சமையல்கட்டுக்கு வந்தான், ராசகனி கிண்டிக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"அவியள பார்த்தியா?"

"ஏலக்கூடத்துல நிக்காவ. பழைய தொண்டை அப்படியே வந்துட்டு. சீட்டுப் பக்கமே போகல, குடி இல்ல, ஒண்ணு இல்ல. நல்லாத்தான் இருக்காவ."

"என்னைப் பத்தி எதும் கேட்டாவளா?"

மிக்கேல் கூடையை இறக்கி வைத்தான்.

"சொல்லுடே."

"எங்க அய்யாதான் அவியகிட்ட கேட்டாரு. உம் பொண்டாட்டிய கப்பல்ல விட்டுட்டு வந்துட்டியே, போய்க் கூட்டிட்டு வரலையாடேன்னு."

"அதுக்கு?"

"போதும்னுட்டாவ."

அடுத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் கரண்டி நிற்குமா, நிற்கவில்லை. "எப்படிச் சொன்னாவ?" என்று கேட்டாள்.

"எப்படின்னா... கோபமெல்லாம் இல்லக்கா. ஏலம் முடிக்கிற மாதிரி. போதும்னு."

"இன்னொரு தடவ சொல்லு."

"போதும்னு சொன்னாவக்கா."

"இன்னொரு தடவ."

மிக்கேல் சொன்னான். அவள் கேட்டாள், அவன் சொன்னான். அதற்கப்புறம் அவன் வருகிற நடையெல்லாம் அதேதான். மீனை இறக்குவான், அவள் கேட்பாள், அவன் வாய் வலிக்கிறவரை சொல்லிவிட்டு ஓடிப்போவான். ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து கூப்பிட்டான், வெளியே வந்து உட்கார்ந்தவர்கள் இலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ராசகனி குழம்பு வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவ, அவிய சொன்ன மாதிரியே சொல்லு மிக்கேலு" என்றாள்.